நெதர்லாந்துக் கடலோரத்தில் கார் இல்லாத மிதிவண்டிப் பயணம்: அது எப்படிச் சாத்தியமாகிறது?

ஐரோப்பியக் கடற்கரைகளில் கார் இல்லாமல் நாள்கணக்கில் மிதிவண்டியில் சுற்றுவோரைப் பற்றிய செய்திகள் வரும்போது, நெதர்லாந்தைக் குறித்து ஒரு விளக்கம் உடனே சொல்லப்படுகிறது. நாடு தட்டையானது, மக்கள் சிறுவயது முதல் சைக்கிள் ஓட்டுகிறார்கள், அரசிடம் பணம் இருக்கிறது. ஆகவே அங்கே நடக்கிறது, வேறெங்கும் நடக்காது என்பதே அந்த விளக்கம். இதில் உண்மை இருந்தாலும் முக்கியமான செய்தி விடுபட்டுப் போகிறது. நெதர்லாந்தின் கடலோரம் மிதிவண்டிக்கு இயல்பாக உகந்த நிலம் அன்று. ரைன், மாஸ், ஸ்கெல்ட் ஆகிய ஆறுகள் கடலில் கலக்கும் தென்மேற்குப் பகுதி அகன்ற கழிமுகங்களால் துண்டு துண்டாகக் கிடக்கிறது; நடுப்பகுதி முழுவதும் மணற்குன்றுகள்; வடக்கில் ஆழமற்ற வாடன் கடலும் தீவுகளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறத்தாழ ஆண்டு முழுவதும் வீசும் காற்று. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் கார் இல்லாமல் தெற்கெல்லையிலிருந்து வடக்கெல்லைவரை போக முடிகிறது என்றால், நீரைக் கடக்கும் இடங்களும் தொடர்வண்டியில் ஏறி இறங்கும் இடங்களும் அவருக்குத் திறந்திருக்கின்றன என்பதே அதன் பொருள். பாதையின் அழகும் தரமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

முதலில் ஒரு வரையறை

"கார் இல்லாத பயணம்" என்பதில் மூன்று வேறு செய்திகள் கலந்து பேசப்படுகின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால் பின்வரும் வாதம் தெளிவாகும்.

1. கார் ஓடாத பாதை: மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லாத தனி வழி. இது ஒரு சில கிலோமீட்டர் நீளமாக மட்டும்கூட இருக்கலாம்.

2. கார் அனுமதிக்கப்படாத ஊர் அல்லது தீவு: வெளியிலிருந்து வருவோர் தங்கள் காரைக் கொண்டுவர முடியாத இடம்.

3. காரே தேவைப்படாத பயணம்: வீட்டிலிருந்து புறப்பட்டு வீடு திரும்பும்வரை எந்தக் கட்டத்திலும், மிதிவண்டியைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுசெல்லவோ களைத்தபின் திரும்பவோகூட, காரைச் சார்ந்திராத பயணம்.

விளம்பரங்கள் பெரும்பாலும் முதலாவதைக் காட்டி மூன்றாவதைப் பேசுகின்றன. அழகான தனிப்பாதை ஒன்றை அமைத்து, அதன் வாயிலில் பெரிய கார் நிறுத்துமிடத்தையும் கட்டிவைத்தால், அங்கே வருவோர் மிதிவண்டியைக் காரின் பின்புறம் மாட்டிக்கொண்டுதான் வருவார்கள். இக்கட்டுரை மூன்றாவது வகையைப் பற்றியது.

கடலோரப் பாதை எங்கே அறுபடுகிறது

நெதர்லாந்தில் "எல்எஃப்" என்ற எழுத்துகளோடு குறிக்கப்படும் நெடுந்தூர மிதிவண்டி வழிகள் உள்ளன. அவற்றுள் கடற்கரை வழி, பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஸ்லௌஸ் நகரிலிருந்து ஜெர்மானிய எல்லையிலுள்ள பாட் நியூவஸ்கான்ஸ் வரை ஏறத்தாழ 610 கிலோமீட்டர் செல்கிறது. வட கடலைச் சுற்றிவரும் ஐரோப்பிய நெடுவழியான யூரோவேலோ 12-இன் ஒரு பகுதியும் இதுவே.

வரைபடத்தில் இந்த வழி ஒரே கோடாகத் தெரிந்தாலும், தெற்கிலிருந்து போகிறவர் முதலில் மேற்கு ஸ்கெல்ட் கழிமுகத்தைக் கடக்க வேண்டும். பிறகு கிழக்கு ஸ்கெல்ட், அதன்பின் கிரேவெலிங்கன், ஹாரிங்ஃப்ளீட். அதையடுத்து ராட்டர்டாம் துறைமுகத்தின் கப்பல் கால்வாய். பிறகு ஆம்ஸ்டர்டாமைக் கடலோடு இணைக்கும் வட கடல் கால்வாய். இறுதியாக முன்பு உள்நாட்டுக் கடலாக இருந்த ஸௌடர்ஸேயின் வாய். இவற்றுள் ஏதேனும் ஒன்று மிதிவண்டிக்கு மூடப்பட்டால், மீதமுள்ள நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாதை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயணம் அங்கேயே அறுந்துவிடும். கார் ஓட்டுநருக்கு ஒரு கழிமுகத்தைச் சுற்றிப் போவது ஒரு மணி நேரத் தாமதம். மிதிவண்டிக்காரருக்கு அது ஒன்று இரண்டு நாள்.

சுரங்கப்பாதை வந்தபோது படகு என்னவாயிற்று

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு மேற்கு ஸ்கெல்ட். இது ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் பெருங்கப்பல்கள் செல்லும் நீர்வழி. எனவே அதன் குறுக்கே அணை கட்ட வழியில்லை. நெடுங்காலம் இரு கரைகளுக்கும் இடையே கார்களை ஏற்றிச் செல்லும் படகுகளே ஓடின. 2003 மார்ச் மாதம் 6.6 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அது மோட்டார் வாகனங்களுக்கு மட்டுமேயானது; மிதிவண்டிக்கு உள்ளே இடமில்லை.

வழக்கமாக இந்தக் கட்டத்தில் என்ன நடக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு படகுச் சேவையின் வருவாயில் பெரும்பங்கு கார்களின் கட்டணம். கார்கள் சுரங்கத்துக்குப் போய்விட்டால் படகுக்கு எஞ்சுவது நடந்து வருவோரும் மிதிவண்டியில் வருவோரும்தான். அவர்கள் கட்டணத்தை மட்டும் நம்பிப் பெரிய படகை ஓட்ட முடியாது. "புதிய இணைப்புதான் வந்துவிட்டதே" என்ற நியாயத்தோடு படகு நிறுத்தப்படும். கார் வைத்திருப்பவருக்கு இது முன்னேற்றமாகவும், இல்லாதவருக்கு இருந்த ஒரே வழி அடைபட்டதாகவும் முடியும்.

ஃப்ளிஸ்ஸிங்கன், பிரெஸ்கன்ஸ் என்ற இரு ஊர்களுக்கிடையே அப்படி நடக்கவில்லை. கார்ப் படகு நின்றது. அதன் இடத்தில் நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்குமான விரைவுப் படகு தொடர்ந்து ஓடுகிறது. அது மட்டும் இல்லாதிருந்தால், தன் கால்பலத்தில் மட்டுமே மறுகரை சேர நினைப்பவர் ஆன்ட்வெர்ப் நகரம்வரை உள்ளே சென்று, 1933-இல் திறக்கப்பட்ட நடையாளர் சுரங்கத்தின் வழியாக ஸ்கெல்ட் ஆற்றைக் கடந்து திரும்பி வர வேண்டியிருந்திருக்கும். 610 கிலோமீட்டர் வழியைத் தாங்கிநிற்பது இதுபோன்ற சில படகுத்துறைகளே என்பதை, நிலத்தில் வண்ணம் பூசிய பாதைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் திட்டங்கள் மறந்துவிடுகின்றன.

சுரங்கப்பாதை என்றாலே மிதிவண்டிக்கு இடமில்லை என்பதும் சரியன்று. ராட்டர்டாமில் 1942-இல் திறக்கப்பட்ட மாஸ் சுரங்கத்தில் மிதிவண்டிகளுக்கென்றே தனிக் குழாய் உண்டு; மிதிவண்டியோடு நகரும் படிக்கட்டில் இறங்கி ஆற்றின் அடியில் மறுகரைக்குப் போகலாம். அதே நகருக்கு மேற்கே பெனலக்ஸ் சுரங்கத்திலும் மிதிவண்டிக் குழாய் இருக்கிறது. நீளமும் ஆழமும் கூடும்போது, ஓரிரு கிலோமீட்டருக்குப் பொருந்தும் இந்தத் தீர்வு நடைமுறைக்கு ஒவ்வாததாகிறது. அப்போது படகைக் காப்பாற்றுவதே எஞ்சும் வழி.

வெள்ளத்துக்காகக் கட்டிய அணைகள்

தென்மேற்கின் மற்றக் கழிமுகங்களைக் கடக்க உதவுபவை மிதிவண்டிக்காகக் கட்டப்பட்டவை அல்ல. 1953 பிப்ரவரி 1 அன்று அதிகாலை, புயலும் கடல்பெருக்கும் சேர்ந்து கரையணைகளை உடைத்தன; நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் மாண்டார்கள். அதன்பின் தொடங்கிய டெல்டா திட்டத்தின் கீழ் கழிமுகங்கள் ஒவ்வொன்றாக அணைகளால் அடைக்கப்பட்டன. அவற்றுள் பெரியது கிழக்கு ஸ்கெல்ட் புயல் தடுப்பணை. முழுவதுமாக மண்ணால் மூடுவதே முதல் திட்டம். சிப்பி வளர்ப்போரும் மீனவரும் சூழல் ஆர்வலரும் எதிர்த்ததால், 1970களில் அது மாற்றப்பட்டு, இயல்பான நாள்களில் திறந்திருந்து புயலின்போது மட்டும் மூடும் 62 எஃகுக் கதவுகள் அமைந்தன. 1986-இல் திறக்கப்பட்ட இந்த அமைப்பு ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளம் கொண்டது. கடல்மட்டம் வழக்கமான அளவைக்காட்டிலும் 3 மீட்டர் உயரும் என்று கணிக்கப்படும்போது கதவுகள் இறக்கப்படுகின்றன.

அணை என்றால் பராமரிப்புக்கு வண்டி போய்வரும் வழி வேண்டும். அந்த வழியை வேலியிட்டு மூடாமல் மிதிவண்டிக்குத் திறந்துவிட்டதே இங்கே எடுக்கப்பட்ட முடிவு. தடுப்பணையின் மேல் விரைவுச் சாலை ஒருபுறம் செல்ல, அதிலிருந்து பிரிந்த தனி வழியில் மிதிவண்டிகள் செல்கின்றன. நாட்டின் வேறு பகுதிகளிலும் கரையணைகளைக் காக்கும் பொறுப்பு நீர் வாரியங்களிடம் இருக்கிறது. அணையின் அடிவாரத்திலும் முகட்டிலும் அவர்கள் போட்ட பணிவழிகள் பல இடங்களில் கடற்கரை வழியின் பாகங்களாகியுள்ளன. இதற்கான கூடுதல் செலவு, புதிதாகப் பாதை போடும் செலவோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் அணையைக் கட்டும் துறையும் பாதையைக் கேட்கும் துறையும் வரைபட நிலையிலேயே பேசிக்கொண்டிருக்க வேண்டும். கட்டி முடித்தபின் இடம் கேட்டால் கிடைக்காது.

வடக்கில் 1932-இல் ஸௌடர்ஸேயை மூடிய 32 கிலோமீட்டர் நீள ஆஃப்ஸ்லௌட்டைக் அணை இன்னொரு பாடத்தைத் தருகிறது. அந்த அணையை வலுப்படுத்தும் பணிக்காக அதன் மிதிவண்டிப் பாதை சில ஆண்டுகள் மூடப்பட்டிருந்தபோது, மிதிவண்டிகளை ஏற்றிச் செல்லும் பேருந்து கட்டணமின்றி இயக்கப்பட்டது. பணி நடக்கும் காலத்தில் வாகனங்களுக்கு மாற்றுவழி தருவது எங்கும் வழக்கம். மிதிவண்டிக்கும் அதே உரிமை உண்டு என்று கருதப்பட்டது இங்கே குறிக்கத்தக்கது.

மணற்குன்றுகளைக் காத்தது குடிநீர்

ஹூக் வான் ஹாலந்திலிருந்து டென் ஹெல்டர்வரை கடலை ஒட்டி மணற்குன்றுகளின் தொடர். தி ஹேக், ஹார்லம், ஆம்ஸ்டர்டாம் போன்ற பெருநகரங்களுக்கு இவ்வளவு அருகில், கட்டடமும் நெடுஞ்சாலையும் இல்லாத நிலம் எப்படித் தப்பியது? குன்றுகள் கடலைத் தடுக்கும் இயற்கை அரண் என்பது ஒரு காரணம். மற்றொன்று குடிநீர். 1853 முதல் ஆம்ஸ்டர்டாமுக்கு ஹார்லத்தை அடுத்த மணற்குன்றுகளிலிருந்து குழாய்வழியே நீர் சென்றது. இறைத்தது அதிகமாகி உப்புநீர் மேலேறும் ஆபத்து வந்ததும், 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆற்றுநீரைக் குழாயில் கொண்டுவந்து மணலில் ஊறவிட்டு, வடிகட்டப்பட்ட நீரை மீண்டும் எடுக்கும் முறை வந்தது. நீர் ஊறும் நிலத்தில் எண்ணெய் சிந்தும் வாகனங்களை யாரும் விரும்பமாட்டார்கள். ஆகவே பெரும்பரப்பு நீர் நிறுவனங்களின் பொறுப்பில் அமைதியாகவே இருந்தது. பிற்காலத்தில் அதன் ஊடே மிதிவண்டிப் பாதைகள் வந்தன.

இதற்கு எல்லையும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் நீர்நிலைக் குன்றுகளில் நடப்பவருக்கு மட்டுமே அனுமதி. மிதிவண்டி உள்ளே போக முடியாது. வட ஹாலந்துக் குன்றுக் காப்பகத்தில் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். "தட்டையான நாடு" என்ற எண்ணத்தோடு வருவோர் இங்கே வியப்படைவார்கள்: ஸ்கோர்ல் என்ற ஊரை ஒட்டிய குன்றுகள் 50 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை, குன்றுப் பாதைகள் ஏறியிறங்கி வளைந்து செல்பவை.

காற்றும் திசையும்

கடலோரத்தில் மேட்டைவிடக் காற்றே பெரிய தடை. இதன் அளவை ஒரு எளிய கணக்கால் காணலாம். காற்றுத் தடையின் விசை, வண்டிக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. காற்றில்லாத நாளில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், அதே 18 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசும் நாளிலும் தம் வேகத்தைக் குறைக்காமல் செல்ல நினைத்தால், அவர் உடலைத் தள்ளும் காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வேகம் இரண்டு மடங்கு. தடை நான்கு மடங்கு. 18 கிலோமீட்டர் என்பது அந்தக் கரையில் புயலன்று, சாதாரண மென்காற்று. பக்கப்பைகள் தொங்கும் வண்டியில், நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பவர் வேகத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் தாக்குப்பிடிக்க முடியும்.

நெதர்லாந்துக்காரர்கள் இதைத் தங்கள் நாட்டின் மலை என்றே கருதுகிறார்கள். 2013 முதல், முன் சொன்ன கிழக்கு ஸ்கெல்ட் தடுப்பணையின்மீது எதிர்காற்று மிதிவண்டிப் போட்டி நடக்கிறது. கியர் இல்லாத சாதாரண வண்டியில் 8.5 கிலோமீட்டர். பலத்த காற்று வீசுமென்று முன்னறிவிப்பு வந்த பிறகே நாள் குறிக்கப்படும்.

அங்கே மிகுதியாக வீசுவது தென்மேற்குக் காற்று. எனவே தெற்கிலிருந்து வடக்கே போவதே பொதுவாகச் சொல்லப்படும் யோசனை. கார் இல்லாமல் வருவதன் பெரிய ஆதாயம் இங்கேதான் வெளிப்படுகிறது. காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மிதிவண்டி எடுப்பவர் அந்த இடத்துக்கே திரும்பியாக வேண்டும். போகும்போது கிடைத்த பின்காற்றுக்கு வரும்போது வட்டியோடு விலை கொடுப்பார். தொடர்வண்டியில் வந்தவரை எந்த இடமும் கட்டிப்போடவில்லை. அவர் காலையில் வானிலையைப் பார்த்து, காற்று வடக்கிலிருந்து வந்தால் டென் ஹெல்டர்வரை தொடர்வண்டியில் போய்த் தெற்கு நோக்கி மிதிக்கலாம். ஒருவழிப் பயணம் என்ற இந்த உரிமையைக் காரால் தர முடியாது.

தொடர்வண்டி: திறந்த கதவும் மூடிய நேரமும்

ஃப்ளிஸ்ஸிங்கன், தி ஹேக், ஸாண்ட்வோர்ட், டென் ஹெல்டர், ஹார்லிங்கன் என்று கரையிலேயே அல்லது கரைக்கு மிக அருகிலேயே முடியும் ரயில் நிலையங்கள் இருப்பதால்தான் மேற்சொன்ன உரிமை நடைமுறையில் கிடைக்கிறது. ஹூக் வான் ஹாலந்துக்குச் சென்ற பழைய ரயில் பாதை 2019-இல் ராட்டர்டாம் மெட்ரோவின் பகுதியாக மாறியது. 2023-இல் கடற்கரைவரை நீண்டது. நம் நாட்டில் மிதிவண்டியைப் பார்சலாகப் பதிந்து சரக்குப் பெட்டியில் ஏற்ற வேண்டியிருப்பதுபோல் அல்லாமல், அங்கே பயணியே வண்டியைத் தள்ளிக்கொண்டு தன் பெட்டியில் ஏறுகிறார். ஆனால் விதிகள் உண்டு. அவற்றைத் தெரியாமல் போனால் நாள் வீணாகும்.

1. தேசிய ரயில் நிறுவனத்தின் வண்டிகளில் மிதிவண்டிக்குத் தனி நாள்சீட்டு வாங்க வேண்டும். மடக்கி வைத்த மடக்குவண்டிக்குக் கட்டணமில்லை.

2. வார நாள்களில் காலை 6.30 முதல் 9 மணிவரையும், மாலை 4 முதல் 6.30 மணிவரையும் முழு அளவு மிதிவண்டிகளை ஏற்ற முடியாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தத் தடை இல்லை.

3. நிலையங்களில் கிடைக்கும் மஞ்சள்-நீல நிற "ஓவி" வாடகை வண்டிகளை எடுத்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டும். வேறு நிலையத்தில் விட்டால் கூடுதல் கட்டணம். எனவே கடலோர நெடும்பயணத்துக்கு அவை ஏற்றவை அல்ல.

இரண்டாவது விதி இந்த அமைப்பின் உண்மையான பலவீனம். வேலைக்குச் செல்வோரின் நெரிசலில் மிதிவண்டிக்கு இடமில்லை என்பது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆயினும் ஜூன் மாத மாலை ஐந்து மணிக்கு மழையில் நனைந்து நிலையம் சேர்ந்தவர், ஒன்றரை மணி நேரம் நடைமேடையில் காத்திருக்க வேண்டும். புத்தகத்தில் அது ஒரு வரி. நனைந்த குழந்தைகளோடு வந்த குடும்பத்துக்கு அடுத்த முறை காரில் வரத் தூண்டும் காரணம்.

எண்களைப் பிடித்துப் போவது

வழி காட்டும் முறை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் அடுத்த எண்களுக்கான அம்புக்குறியை நிறுத்துவது இதன் அடிப்படை. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளரின் யோசனையாக 1995-இல் வந்து, பிறகு நெதர்லாந்து முழுவதும் பரவியது. பயணி 12, 45, 47, 20 என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டால் போதும். காற்று மாறினால் வேறு எண்களைத் தேர்ந்து திசை மாறலாம்.

எல்லாப் பாதைகளும் கார் இல்லாதவை அல்ல. கிராமப்புறங்களில் பல கிலோமீட்டர் டிராக்டரோடும் உள்ளூர்க் காரோடும் பகிரும் குறுஞ்சாலைகள். அங்கே பாதுகாப்பு வருவது வேகக் கட்டுப்பாட்டாலும், மோட்டார் வாகனம் மிதிவண்டியோடு மோதினால் பொறுப்பைப் பெரும்பாலும் ஓட்டுநர்மேல் வைக்கும் சாலைச் சட்டத்தின் 185-ஆம் பிரிவாலும்.

தீவுகள்

வாடன் தீவுகளில் மக்கள் வாழ்பவை ஐந்து: டெக்ஸல், ஃப்ளீலாண்ட், டெர்ஸ்கெலிங், ஆமெலாண்ட், ஸ்கீர்மொன்னிகோக். ஃப்ளீலாண்டிலும் ஸ்கீர்மொன்னிகோக்கிலும் வெளியார் கார் கொண்டுவர அனுமதியில்லை; முன்பு சொன்ன இரண்டாவது வகைக்கு இவையே சான்று. டெக்ஸலுக்குச் செல்லும் படகு நிறுவனம் 1907-இல் தீவு மக்களே பங்கு போட்டுத் தொடங்கியது. இன்றும் பங்குகள் பெரும்பாலும் தீவினரிடமே உள்ளன. டெக்ஸலின் வடமுனையிலிருந்து கோடையில் சிறு படகொன்று ஃப்ளீலாண்டின் மணல்வெளிக்குப் போகிறது. அங்கிருந்து பயணிகளையும் மிதிவண்டிகளையும் ஒரு லாரி மணலின்மீது ஊர்ப்பக்கம் கொண்டுசேர்க்கிறது. தீவிலிருந்து தீவுக்குத் தாவ விரும்புவோர் இந்தக் கோடைப் படகின் அட்டவணையை முதலில் பார்த்து, மற்ற நாள்களை அதற்கேற்ப அமைப்பதே சரி.

ராட்டர்டாம் அருகே மீண்டும் அதே நிலைமை

மேற்கு ஸ்கெல்டில் 2003-இல் எழுந்த கேள்வி, ராட்டர்டாம் துறைமுகத்தின் கப்பல் கால்வாயில் இப்போது திரும்ப எழுந்திருக்கிறது. மாஸ்லௌஸ், ரோஸன்பர்க் ஊர்களுக்கிடையே கார்களையும் மிதிவண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகு நெடுங்காலமாக இருக்கிறது. அதற்கு அருகிலேயே ஏ24 விரைவுச்சாலையின் பகுதியாக மாஸ்டெல்டா சுரங்கப்பாதை 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. விரைவுச்சாலை என்பதால் மிதிவண்டி அதில் நுழைய முடியாது. கார்கள் சுரங்கத்துக்கு மாறும் அளவுக்குப் படகின் வருவாய் சுருங்கும். படகு தேவைப்படுவோரோ அப்படியே இருப்பார்கள்: அக்கரையில் பள்ளி செல்லும் பிள்ளைகள், துறைமுகத்தில் வேலை செய்வோர், கடற்கரை வழியில் செல்லும் பயணிகள். அந்தப் பற்றாக்குறையைப் பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்வதா என்பதை ஆண்டுதோறும் வரவுசெலவில் முடிவெடுக்க வேண்டியவர்கள் உள்ளூராட்சிகளும் மாகாணமும். சுரங்கத்தின் கட்டுமானச் செலவோடு வைத்துப் பார்த்தால் ஒரு படகை ஓட்டும் செலவு மிகச் சிறியது. அதைத் திட்டச் செலவின் பகுதியாகத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவதுதான் நேர்மையான கணக்கு என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.